ஒரு பை பழந்துணி

என் பையை இன்னொருவர் திறந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் யாராவது ஊக்குத் தேடி உள்ளே கையை விட்டால்கூட, "என்ன வேணும்னு கேட்டா எடுத்துத் தரமாட்டேனா?" என்று கத்திவிடுவேன். பிள்ளைகள் இதை என் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறவிக் குணமெல்லாம் இல்லை. எண்பதுகளில் ஒரு காலை நேரத்தில், பம்பாய் ஏர்போர்ட்டின் நடுக்கூடத்தில், காக்கிச் சட்டைக்காரர்கள் என் பையைக் கவிழ்த்துக் கொட்டி, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அன்றைக்கு ஏறிய சூடு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

உள்ளே இருந்தது தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. பழந்துணி. நைந்த சேலை, கிழிந்த வேட்டி, சாயம் போன லுங்கி. இதை எதற்கு ஒருத்தி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறாள் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. இந்தி இல்லை.

என் தங்கச்சி கல்யாணமாகி ஷார்ஜாவில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே தையல் கடை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தாள். முதல் பிள்ளை உயிரில்லாமலே பிறந்தது. இரண்டாவது, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது டாக்டர் அவளைக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று படுக்கவைத்துவிட்டார். அதனால் பேறுகாலத்துக்கு அவள் ஊருக்கு வர வழியில்லை. எங்கள் உம்மா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்கள். ஆகவே தாய் இடத்தில் நின்று பார்க்க நான்தான் போக வேண்டும். தாராவியிலிருந்து பக்கத்தில் இருக்கிற சயானுக்குப் போகவே துணை தேடுகிற ஆள் நான்.

அப்போது எங்கள் தெருவில் கடிதம் எழுதுவது குறைவு. எழுதினால் வாசிக்க ஆள் தேட வேண்டும். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். தங்கச்சியும் அப்படித்தான் ஒரு கேசட் அனுப்பியிருந்தாள்.

"லாத்தா, வரும்போது நகை நட்டு ஒண்ணும் கொண்டாராத. பழந்துணி கொண்டா. உம்மா துப்பட்டிய மறக்காம எடுத்துட்டு வா. போன ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரியில, கடையில வாங்குன புதுத் துண்டுலதான் சுத்துனாவ. இந்தத் தடவ உம்மா துப்பட்டிதான். அது இல்லாம வந்தீன்னா, நீ வரவே வேண்டாம்."

அதற்குப் பிறகு கேசட்டில் வெறும் இரைச்சல்தான். அந்த இரைச்சலை அது தீரும்வரை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

துப்பட்டி என்பது எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் வெளியே போகும்போது சேலைக்கு மேலே தலையிலிருந்து கால்வரை சுற்றிக்கொள்கிற வெள்ளைத் துணி. உம்மாவின் துப்பட்டி துவைத்துத் துவைத்துப் பூவைப்போல ஆகியிருந்தது. பழந்துணி எதற்கு என்று எங்கள் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, உறுத்தும். பிள்ளைகள் நன்றாக வளர்கிற வீட்டில் வாங்கிய பழந்துணி என்றால் அதற்கு மதிப்பே தனி. அதனால் சந்து சந்தாகப் போய்க் கேட்டு வாங்கினேன். ஒரு வீட்டிலும் முகம் சுளிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா, நெற்றி நிறையத் திருநீறு, தன் வீட்டு வேட்டியைக் கிழித்து நீட்டிக்கொண்டே சொன்னார்கள்: "எம் பய இதுக்குள்ளதான் கெடந்தான். இப்பப் பாருங்க, நிலையில தல இடிக்கி." எல்லாவற்றையும் கொதிக்கவைத்து அலசி, பட்டறைக் கொடியில் காயப்போட்டேன்.

பட்டறை என்றேன். என் வீட்டுக்காரர் தோல் பை செய்கிறவர். வீட்டுக்குக் கீழேயே பட்டறை. என் பயணத்தில் என்னைவிட அவருக்குத்தான் உற்சாகம். ஏனென்றால் அவருக்கு ஒரு புதுப் பை செய்யச் சாக்குக் கிடைத்துவிட்டது.

"ஏளா, பிளேன்ல கையில கொண்டுபோற பைக்கு ஒரு அளவு உண்டு. ஒரு நூலு கூடுனாலும் எறக்கி வச்சிருவான்" என்று டிராவல் ஏஜண்டிடம் அளவு கேட்டு வந்து, அந்த அளவுக்கே ஒரு பை அடித்தார். கறுப்புத் தோல். பக்கவாட்டில் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே இரும்புப் பட்டி வைத்துத் தைத்தார். எதற்கு இரும்பு என்று கேட்டேன்.

"பைன்னா நிக்கணும். நிக்காத பை பை இல்ல, சாக்கு."

அதோடு விட்டாரா? அடியில் இரண்டு தட்டு வைத்து, நடுவே யாருக்கும் தெரியாமல் ஓர் அறை செய்து, என் பாஸ்போர்ட்டை அதற்குள் வைத்தார். திருடன் தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்கமாட்டான் என்றார். திருடன் கண்டுபிடிக்காதது சரி. ஏர்போர்ட்டில் ஆளுக்கு ஆள் அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பழந்துணியைப் பெட்டியில் போட்டு, விமானத்தின் வயிற்றில் அனுப்புவதாகத்தான் முதலில் இருந்தேன். ஆனால் ஒருத்தி ஷார்ஜாவுக்குப் போகிறாள் என்று தாராவியில் செய்தி பரவினால் என்ன ஆகும்? "ஒரு சின்னப் பொட்டலந்தான்" என்று ஒருத்தர் வந்தார். அவர் தலை மறைவதற்குள் அடுத்தவர். அல்வா, ஊறுகாய், இடித்த மசாலா, வலிக்குத் தேய்க்கிற தைலம், யாரோ யாருக்கோ தைத்த சட்டை. ஒவ்வொன்றும் சின்னப் பொட்டலம். நான் முடியாது என்று சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் வாங்கி உள்ளே வைத்துவிடுவார். சண்டை போட்டேன்.

"ஊர்க்காரன் மொகத்துல முழிக்காண்டாமா?" என்றார்.

பெட்டி மூடவில்லை. ஆளை ஏற்றி உட்காரவைத்து மூடினோம். பழந்துணிக்கு இடமில்லாமல் போய், அது முழுக்க இந்தக் கைப்பைக்குள் வந்து சேர்ந்தது. அதன் மேலே உம்மா துப்பட்டி.

எனக்குத் துணையாக ஓர் ஆளையும் என் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். தெருக்கோடி வீட்டுக்காரர். ஷார்ஜாவில் வேலை, லீவு முடிந்து திரும்புகிறவர். கறுப்புக் கண்ணாடி, சென்ட் வாசனை. "நீங்க ஒண்ணும் பயப்படாதிய மைனி. நா எத்தன தடவ போயிட்டு வந்திருக்கேன். அங்க எல்லாம் நம்ம ஆளுவதான்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் கிளம்பினேன்.

ஏர்போர்ட் வாசலோடு என் வீட்டுக்காரரை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக அவர் சொன்னது, "பைய பத்தரமாப் பாத்துக்க." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உள்ளே போனதும் முதல் ஆள் பாஸ்போர்ட் கேட்டார். தரையில் உட்கார்ந்து, துப்பட்டியை எடுத்து மடியில் வைத்து, பழந்துணியை எல்லாம் வெளியே எடுத்து, அடித்தட்டைத் தூக்கிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். திரும்ப எல்லாவற்றையும் அடுக்கினேன். பெட்டியை எடைபோடுகிற இடத்தில் மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் தரை. இனிமேல் கேட்கமாட்டார்கள் என்று நினைத்து உள்ளேயே வைத்து மூடினேன். இமிகிரேஷனில் கேட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டது கழுத்தில் பட்டது. பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிற புத்தி எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. பக்கத்தில் நின்ற துணைக்காரர், "இப்பிடியா கொண்டு போய் வப்பாவ?" என்று சிரித்தார். அவரை அப்போதே அறைந்திருக்கலாம்.

பிறகு செக்யூரிட்டி. விமானங்களைக் கடத்திக்கொண்டு போகிற காலம் அது. எல்லார் முகத்திலும் ஒரு கடுகடுப்பு. பையை ஓடுகிற பட்டையில் வைக்கச் சொன்னார்கள். பை கறுப்புத் திரைக்குள் போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடியும் போனது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். தோளில் பட்டை வைத்த ஓர் ஆபீசர் வந்து பையை மேஜையில் கவிழ்த்தார்.

பழந்துணி மேஜையிலும் கொஞ்சம் தரையிலுமாகச் சரிந்தது. ஆபீசர் ஒரு லுங்கித் துண்டை இரண்டு விரலால் தூக்கினார். ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது. இன்னொரு போலீஸ்காரர் ஒவ்வொன்றாக உதறினார். வழிக்கென்று வைத்திருந்த டார்ச்சின் பாட்டரியை எடுத்துக்கொண்டார்கள். நகவெட்டியை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைத்துணியில் குத்த வைத்திருந்த ஊக்குகளை எடுத்துக்கொண்டார்கள். அடியில் ரகசிய அறை இருப்பதைக் கண்டதும் அவர்கள் முகம் மாறியது. அது காலியாக இருந்தது அவர்களுக்கு இன்னும் சந்தேகமாகப் போய்விட்டது.

"யே க்யா ஹை?" இது என்ன?

"புரானா கப்டா" என்றேன். பழைய துணி. இவ்வளவு எனக்கு வரும். காய்கறிக்காரனிடமும் தண்ணீர்க் குழாயடியிலும் கற்ற இந்தி.

"கிஸ்கே லியே?" யாருக்கு?

"பச்சா கே லியே." பிள்ளைக்கு.

அவர் என்னைச் சுற்றிலும் பார்த்தார். என் கையில் பிள்ளை இல்லை. "பச்சா கிதர் ஹை?" பிள்ளை எங்கே என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்பதில் ஒரு சந்தோஷம். பிள்ளை இன்னும் வயிற்றில் இருக்கிறது. இந்தியில் வயிற்றுக்குப் பேட் என்பார்கள். நம் நாக்குக்கு 'ட்' என்று மொட்டையாக நின்று பழக்கமில்லை. ஒரு வாலைச் சேர்த்தால்தான் அதற்கு நிம்மதி. காலையிலிருந்து பெட்டி, பெட்டி என்று அதே நினைப்பாக வேறு இருந்தேன். வால் வந்து ஒட்டிக்கொண்டது.

"பச்சா பேட்டி மே ஹை" என்றேன்.

பேட்டி என்றால் பம்பாயில் பெட்டி. பிள்ளை பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆபீசர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "பேட்டி மே?" என்று மெதுவாகக் கேட்டார். ஒருவழியாகப் புரிந்துகொண்டாரே மனுஷன் என்று எனக்கு நிம்மதி. தலையை நன்றாக ஆட்டினேன். முழுக் கதையையும் சொன்னால் இரக்கப்பட்டு விடுவார் என்று நினைத்து, "ஹாங், ஹாங், பேட்டி மே. பெஹலே தோ மர் கயா. யே தீஸ்ரா" என்றும் சேர்த்துச் சொன்னேன். முதல் இரண்டும் செத்துப்போச்சு, இது மூன்றாவது.

வரிசையில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். யாரோ விசில் ஊதினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. துணைக்காரரைத் தேடினேன். ஆண்கள் வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். "இஞ்சேருங்க, என்னன்னு கொஞ்சம் கேளுங்க" என்று கூப்பிட்டேன். அவர் தலையைத் தூக்கி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மனுஷன் மின்விசிறியை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. எல்லாம் நம்ம ஆளுவதான் என்று சொன்னாரே, அந்த ஆளுகளில் நான் சேர்த்தியில்லை போல.

என்னை வெளியே விமானம் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் காலத்தில் பெட்டிகளை விமானத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வரிசையாக வைத்திருப்பார்கள். அவரவர் வந்து தன் பெட்டியைக் கைகாட்டினால்தான் ஏற்றுவார்கள். நான் என் பெட்டியைக் காட்டினேன். "கோலோ" என்றார் ஆபீசர். திறந்தேன். ஆளேறி உட்கார்ந்து மூடிய பெட்டி. மூடி தானாக எழும்பிக்கொண்டது.

ஊர் ஜனங்களின் சின்னப் பொட்டலங்கள் எல்லாம் அங்கே ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அல்வாவில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். மசாலாப் பொடியை முகர்ந்த போலீஸ்காரர் தும்மிக்கொண்டே தள்ளிப் போனார். மடித்த ஒரு சட்டைக்குள்ளிருந்து மாசிக் கருவாடு வந்தது. சத்தியமாக அது இருப்பது எனக்குத் தெரியாது. சட்டை கொடுத்த மகராசி ஒளித்து வைத்திருக்கிறாள். வெயிலில் அது மணக்க ஆரம்பித்ததும் ஆபீசர் கைக்குட்டையை எடுத்தார். பிள்ளை இல்லை. ஆபீசர் என்னைப் பார்த்த பார்வையில், இருந்திருந்தால்கூட இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது.

எனக்கு அழுகை முட்டியது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். இந்த விமானம் போய்விட்டால், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவதை வயிற்றில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துக் கிடக்கிறவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பிள்ளை பெட்டிக்குள் இருப்பதாகச் சொன்னேன், பிடித்துவைத்துக்கொண்டார்கள் என்றா?

திரும்பக் கூட்டி வந்து, பெண்களைச் சோதிக்கிற மறைப்புக்குள் அனுப்பினார்கள். ஒரு மராத்திப் பெண் போலீஸ். நல்ல உயரம், நெற்றியில் பெரிய குங்குமம். என் உடம்பைத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு பழந்துணியை அள்ளி வந்து பெஞ்சில் போட்டுக் கிளறினாள். உம்மா துப்பட்டி கைக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"பாளந்தபணாசாட்டி கா?" என்றாள்.

பாளந்தபண். பேறுகாலம். இந்தச் சொல் எனக்குத் தெரியும்! தாராவிக் குழாயடியில் மராத்திப் பெண்கள் வாய் ஓயாமல் சொல்கிற சொல். குடம் நிறைவதற்குள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வேண்டிய நேரத்தில் அது என் நாக்குக்கு வராமல் எங்கே போய்த் தொலைந்தது என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"ஹோ, ஹோ! பஹீண். சோட்டி பஹீண்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். ஆமாம், என் தங்கச்சிக்கு. "தோ பச்சா..." என்று சொல்லிவிட்டு, மேலே பேசப் பயந்து, இரண்டு விரலைக் காட்டி, கையை விரித்தேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். பேட், பேட்டி என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பாருங்கள், தொப்பி கழன்று விழுகிற மாதிரி. எனக்கு அவளையும் அறையவேண்டும் போலத்தான் இருந்தது.

அவள் வெளியே போய் ஆபீசரிடம் விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரரின் பையின் லைனிங்கைக் கிழித்து ஒரு இரும்புப் பட்டியை உருவி வைத்திருந்தார். அதைத் தன் கழுத்துக்குக் குறுக்கே பிடித்து, இதை வைத்து நீ பைலட்டை மிரட்டினால் என்ன செய்வது என்கிற மாதிரி எனக்கு நடித்துக் காட்டினார். பை போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பையைப் பார்க்கவில்லை. பின்னால் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் கேட்ட ஒரே கேள்வி, "கிழிக்க ரொம்ப நேரம் ஆச்சா?" ஆமாம் என்றேன். "நம்ம தையல்லா" என்று அவர் மனம் குளிர்ந்துவிட்டது.

பை போனால் போகட்டும். பழந்துணியை ஒரு லுங்கியில் கொட்டி மூட்டை கட்டினேன். விமானக் கம்பெனி ஆள் ஒருவன், டை கட்டினவன், எங்கிருந்தோ வந்தான். "கட்ரி நஹி சலேகா." மூட்டையெல்லாம் உள்ளே விடமாட்டானாம். பெட்டியில் போடு என்றான். பெட்டியை ஏற்றியாகிவிட்டது. அப்படியானால் விட்டுவிட்டுப் போ, அங்கே புதுத்துணி கிடைக்காதா என்றான். எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. விட்டுவிட்டுப் போ. இன்னொன்று வாங்கிக்கொள்.

பெண் போலீஸ் என் முழங்கையைப் பிடித்து மறுபடியும் மறைப்புக்குள் இழுத்துப் போனாள். எனக்குப் புரியவேண்டும் என்று இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஜோ பெஹ்னா ஹை, வோ சாமான் நஹி."

உடுத்தியிருப்பது சாமான் ஆகாது.

அவளே பழந்துணியை என் இடுப்பைச் சுற்றி அடுக்கினாள். நான் பிடித்துக்கொண்டேன். ஊக்கைத்தான் புடுங்கிக்கொண்டார்களே, லுங்கிக் கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். மேலே உம்மா துப்பட்டியைத் தலையோடு சுற்றினேன். பம்பாய் வந்தபின் நான் துப்பட்டி போடுவதையே விட்டிருந்தேன். கை மட்டும் மறக்கவில்லை. எங்கே மடிக்க வேண்டும், எங்கே சொருக வேண்டும் என்று அதுவே செய்தது.

வெளியே வந்தபோது எனக்கு நிறைமாத வயிறு. டை கட்டினவன் பார்த்தான். பெண் போலீஸ் அவனைப் பார்த்தாள். அவன் டையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டான்.

விமானத்தின் வாசலில் நின்ற பெண் விடவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, அவள் கண் என் வயிற்றில் நின்றது. "கித்னா மஹீனா?" எத்தனை மாதம்? மாதம் ஏறினவர்களை விமானத்தில் ஏற்றமாட்டார்களாம். யா அல்லாஹ், பிள்ளை பெட்டியில் இருந்தாலும் குற்றம், வயிற்றில் இருந்தாலும் குற்றமா? அந்த நேரத்தில்தான் துணைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, இங்கிலீஷில், "ஷீ இஸ் ஆல்வேஸ் லைக் திஸ்" என்றார். எப்போதுமே இவர் இப்படித்தான் என்று.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "பேட் மே குச் நஹி" என்றேன். 'ட்'டை மொட்டையாக, வாலில்லாமல், ஆணி அடித்த மாதிரி சொன்னேன். வயிற்றில் ஒன்றுமில்லை. அவள் வழிவிட்டாள்.

ஷார்ஜா போய்ச் சேரும்வரை அந்தக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். வேர்வை ஆறாக ஓடியது. துணைக்காரர் மிட்டாய் நீட்டினார். நான் வாங்கவில்லை.

தங்கச்சி என்னைப் பார்த்ததும் நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை. "கொண்டாந்தியா லாத்தா?" என்றாள். துப்பட்டியை அவிழ்த்து அவள் மேலே போர்த்தினேன். முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள்.

"உம்மா வாசமே இல்லியே. ஒங்க பட்டறைப் பசை வாசம்லா அடிக்கி."

"அந்தப் பசை போட்ட பையத்தான் புடுங்கிட்டு விட்டாவ" என்று ஆரம்பித்தேன். அவள் படுத்துக் கிடந்த நாளெல்லாம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பையையுமா புடுங்குனாவ? ஆமா. நகவெட்டிய? அதையுந்தான். ஊக்கக்கூடவா? ஊக்கக்கூட. பெட்டிக்குள் பிள்ளை என்கிற இடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பு முடிந்ததும், கையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கதையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு வாசலில் ஒரு மலையாளத்து நர்ஸ் நான் கொண்டுபோன துணிப்பையைத் திறந்தாள். எங்கே போனாலும் என் பையைத் திறப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். "பழந்துணியோ? இவிடெ பற்றில்லா சேச்சி" என்றாள். இங்கே முடியாதாம். அவளுக்குப் பழந்துணி என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. தெரிந்தும் வாங்கி வெளியே வைத்துவிட்டாள். நான் வாதாடவில்லை. துப்பட்டியை நான் வீட்டிலிருந்தே உடுத்திக்கொண்டுதான் வந்திருந்தேன்.

பெண் பிள்ளை. அழுதுகொண்டே பிறந்தது. நர்ஸ் அதைப் பச்சை நிறப் புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். துண்டைப் பார்த்ததும் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை போர்வைக்குள்ளேயே இருந்தது.

"நீயே வச்சிக்க லாத்தா" என்றாள்.

நான் வாங்கினேன். கட்டிலில் ஏறி அவளோடு ஒட்டி உட்கார்ந்து, அந்தப் புதுத் துண்டை உருவிப் போட்டுவிட்டு, நான் உடுத்தியிருந்த துப்பட்டியின் முந்தியில் பிள்ளையைச் சுற்றினேன். மிச்சத்தை இழுத்துத் தங்கச்சி தோளிலும் போட்டேன். மூன்று பேரும் ஒரே துணிக்குள். நர்ஸ் திரும்பி வந்து பார்த்து வாயைத் திறந்தாள்.

"இது சாமான் இல்ல. நான் உடுத்தியிருக்கேன்" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டு போனாள். பிள்ளை பசை வாசத்துக்கு ஒரு தும்மல் போட்டது. அந்தச் சத்தத்துக்குத் தங்கச்சி திரும்பினாள். போர்வைக்குள்ளிருந்து கை மெல்ல வந்தது. துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"லாத்தா, இத யாரும் புடுங்கிர மாட்டாவல்ல?"

"புடுங்கிப் பாக்கட்டும்" என்றேன்.